ஒலியும் அதன் கலமும்: அண்ணாமலைப் பாடல் மரபை முன்வைத்துக் கைப்பேசி ஒலிச்செயலிக்குரிய கருவித் தேர்வு பற்றி ஓர் ஆய்வு

தோற்றுவாய்

தமிழிலக்கணம் ஒலியினின்றே தொடங்குகின்றது. தொல்காப்பியர் நூன்மரபின் தொடக்கத்திலேயே எழுத்தின் கால அளவை வரையறுத்தார். கண்ணிமைப்பும் கைந்நொடிப்பும் மாத்திரைக்கு அளவாக அமைந்தன. ஆயினும் அவ்வியலின் இறுதியில், இசைக்கண் எழுத்துக்கள் தம் அளவிறந்து நீளுதலும் உண்டெனக் கூறி, அதன் இலக்கணத்தை இசைநூலார்பால் விடுத்தார். எழுத்தென்னும் கருவி எதனைக் காக்கும், எதனைக் காவாது என்னும் தெளிவு அவ்வாசிரியர்க்கு இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

அதே வினா இன்று வேறொரு வடிவில் நம்முன் நிற்கின்றது. திருமுறையும் திருப்புகழும் தலவரலாறும் கைப்பேசி வழியே கேட்கப்பெறுகின்றன. அவற்றைக் கேட்பிக்கும் செயலிகளை ஆக்க விழைவோர், எந்நிரல்மொழியைக் கொள்வது, எந்த ஒலிநிரல் தொகுதியைக் கொள்வது, எக்கோப்பு வடிவத்திற் பதிவது என வினவுகின்றனர். இத்தேர்வு தொழில்நுட்பத்தார்க்கே உரியது என்று தமிழ் கற்றோர் ஒதுங்கியிருத்தல் பொருந்துமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும். பொருந்தாது என்பது எம் கருத்து. ஒலியைத் தாங்கிய ஒவ்வொரு கருவியும் தனக்கு இயன்றதைக் காத்து, இயலாததைக் கைவிட்டது என்பதைத் தமிழிசை வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது. அவ்வுண்மையைத் திருவண்ணாமலையில் விளைந்த பாடல்களைக்கொண்டு முதலிற் காண்போம். பின்னர்க் கைப்பேசிக்கு வருவோம்.

எழுத்து காத்ததும் விடுத்ததும்

அண்ணாமலையைப் பாடிய திருஞானசம்பந்தர் பதிகங்கள் இரண்டு முதல் திருமுறையில் உள்ளன. அவற்றுள் ஒன்று நட்டபாடைப் பண்ணிலும் மற்றொன்று தக்கேசிப் பண்ணிலும் அமைந்தன. திருநாவுக்கரசர் பதிகங்கள் மூன்று. நான்காம் திருமுறையில் ஒன்றும், ஐந்தாம் திருமுறையில் இரண்டும் ஆக அவை நேரிசையும் குறுந்தொகையுமாக அமைந்தன. மணிவாசகரின் திருவெம்பாவை இத்தலத்தில் அருளப்பெற்றது என்பது மரபு. பதினைந்தாம் நூற்றாண்டினரான அருணகிரிநாதரின் வாழ்வும் இத்தலத்தோடே பிணைந்தது. கிளிக்கோபுரமும் கம்பத்திளையனார் சந்நிதியும் அவர் வரலாற்றை இன்றும் நினைவூட்டி நிற்கின்றன.

இப்பாடல்கள் அனைத்தும் ஏட்டில் வந்தவை. எனினும் ஏடு அவற்றை ஒரே தன்மையாகக் காக்கவில்லை. தேவாரத்திற்கு ஏடு பண்ணின் பெயரைத் தந்தது. பண்ணின் ஒலியைத் தரவில்லை. நட்டபாடை இன்று நாட்டையாகவும் தக்கேசி காம்போதியாகவும் பாடப்பெறுகின்றன என்பதை நாம் அறிவது ஓதுவார் மரபினாலேயாம். திருப்புகழின் நிலை வேறு. அதன் சந்தம் எழுத்திலேயே பொதிந்து கிடக்கின்றது. குறிலும் நெடிலும் வல்லொற்றும் மெல்லொற்றும் நின்ற முறையைக்கொண்டு 'தத்தன', 'தந்தன' எனக் குழிப்பு வகுக்கலாம். குழிப்பைக்கொண்டு தாள நடையையும் ஓரளவு உய்த்துணரலாம். ஆனால் அருணகிரிநாதர் அவற்றை எவ்விசையிற் பாடினார் என்பதை ஏடு கூறவில்லை. வ. த. சுப்பிரமணிய பிள்ளை ஊர்தோறும் ஏடு தேடி 1894-ஆம் ஆண்டிலும் 1901-ஆம் ஆண்டிலும் திருப்புகழை அச்சேற்றினார். அவர்தம் அரிய உழைப்பால் நமக்குக் கிடைத்தவை சொல்லும் சந்தமுமே. காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை போன்ற பெரும்பாடகர் பின்னாளில் அவற்றை மேடையேற்றியபோது, தாளத்திற்குப் பாடலே சான்றாயிற்று. இசைக்கோ பாடகரின் புலமையே துணையாயிற்று.

எனவே, எழுத்தென்னும் கலம் திருப்புகழின் காலத்தைக் காத்தது. இசையைக் காவாது விடுத்தது. இஃது ஏடெழுதினார் குற்றமன்று, அக்கலத்தின் எல்லையாம்.

மாந்தரே கருவியாதல்

ஏடு விடுத்ததைக் காக்க நம் முன்னோர் மேற்கொண்ட வழி, மாந்தரையே கருவியாக அமைத்ததாகும். இதற்குச் சிறந்த சான்று அண்ணாமலையினும் தஞ்சையிலேயே கிடைக்கின்றது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ்செய்ய 48 பிடாரரையும், அவர்களுக்குத் துணையாக உடுக்கை வாசிப்பார் ஒருவரையும் கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் நியமித்தான். ஆக ஐம்பதின்மர்க்கும் நாள்தோறும் நெல் அளக்க நிவந்தம் வகுத்தான் என்பதை அக்கோயிற் கல்வெட்டே கூறும். ஒருவர் இறப்பின் அவர் உரிமையாளர் அப்பணியைத் தொடர வேண்டும் என்னும் ஏற்பாடும் அங்குண்டு. பாடற்கு மட்டுமன்றி, பாடுவார் வழிமரபிற்கும் பொருள் ஒதுக்கப்பட்டமை ஈண்டுக் கருதத்தக்கது.

திருமுறைகண்ட புராணம் கூறும் செய்தியும் இதனோடு ஒத்து நோக்கற்குரியது. தில்லையில் பூட்டிய அறையினின்று, செல்லரித்தது போக எஞ்சிய ஏடுகள் கிடைத்தன. ஆயின் பண் கிடைத்திலது. அதற்குத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரை எருக்கத்தம்புலியூரில் நாட வேண்டியதாயிற்று. சொல் ஏட்டினின்று வந்தது. பண் ஒரு பெண்ணின் மிடற்றினின்று வந்தது. இதனை வரலாறெனக் கொள்வாரும் புராணமெனக் கொள்வாரும் ஆகுக. ஒலிக்கும் எழுத்துக்கும் கலம் வேறு என்னும் கருத்து அக்காலத்தே வேரூன்றியிருந்தது என்பதை எவரும் மறுக்கவொண்ணாது.

இசைத்தட்டும் ஒலிநாடாவும்

எடிசன் 1877-இல் ஒலிவரைவியைக் கண்டார். பெர்லினர் 1887-இல் தட்டைவட்டில் ஒலி பதியும் முறையைக் கண்டார். கிராமபோன் குழுமத்தார் 1902-இல் இந்தியாவிற்கு வந்து முதன்முதலாகப் பதிவுகள் செய்தனர். ஒலி, பாடினாரை விட்டுப் பிரிந்து வாழும் காலம் அன்று தொடங்கியது. ஆயின் அத்தட்டும் தன் எல்லையை இசைமேல் ஏற்றியது. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். பதினொரு பாடல் கொண்ட பதிகம் அதற்குள் அடங்காது. ஆளத்தி சுருங்கியது, பாடல் ஓரிரண்டாயிற்று. நெடுநேர இசைத்தட்டு 1948-இல் வந்தது. பிலிப்சு நிறுவனத்தார் ஒலிநாடாப் பேழையை 1963-இல் வெளியிட்டனர். அறுபது நிமிட நாடாவின் ஒரு பக்கம் முப்பது நிமிடம் ஓடுமாதலின், முழுப்பதிகத்தையும் இடையறாது பாடிப் பதிய இயன்றது. தருமபுரம் ப. சுவாமிநாதன் முதலிய ஓதுவார்களின் திருமுறைப் பதிவுகள் இல்லந்தோறும் ஒலித்தமைக்கு நாடாவின் இந்நீளமும், அதன் விலைக்குறைவும் காரணமாயின.

பின்னர் எண்முறைப் பதிவு வந்தது. குறுந்தட்டு 1982-இல் விற்பனைக்கு வந்தது. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் தூரகிழக்குப் பிரெஞ்சு ஆய்வுப்பள்ளியும் 2007-இல் எண்முறைத் தேவாரப் பதிப்பைக் குறுந்தட்டாக வெளியிட்டன. நற்பேறாக அஃது இணையத்திலும் இடம்பெற்றது. குறுந்தட்டைச் செருகும் வாயில் இன்றைய கணினிகள் பலவற்றில் இல்லை; கைப்பேசியில் என்றுமே இருந்ததில்லை. அப்பதிப்பு ஒரு கலத்தை மட்டும் நம்பியிருப்பின் இன்று அதனை அடைதல் அரிதாயிருக்கும். இந்நிகழ்ச்சி கைப்பேசிச் செயலி ஆக்குவார்க்கு ஒரு முன்னறிவிப்பாகும்.

கைப்பேசியும் மூவகைப் பணிகளும்

ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக்கடையும் ஆண்ட்ராய்டின் செயலிச்சந்தையும் 2008-இல் திறக்கப்பெற்றன. அன்றுதொட்டு ஒலிச்செயலி ஆக்குதற்குரிய கருவிகள் பல்கிப் பெருகின. அவற்றுள் எது சிறந்தது என்று பொதுப்பட வினவுதல் பயனற்றது. எப்பணிக்கு எது ஏற்றது என்று வினவுதலே முறை. அண்ணாமலைப் பாடல் மரபை ஒட்டி மூன்று பணிகளைக் கருதலாம். கிரிவலம் வருவார்க்கு வழித்துணையாகத் தலச்செய்தி உரைப்பது ஒன்று. பதிகத்தைப் பொருளோடும் பண்ணோடும் கேட்பிப்பது ஒன்று. திருப்புகழின் சந்தத்தையும் தாளத்தையும் மாணவர் பாடிப் பயிலத் துணைசெய்வது ஒன்று. இம்மூன்றும் ஒலிச்செயலிகளே, எனினும் இவை வேண்டும் கருவிகள் ஒன்றல்ல.

முதலாவது: வழித்துணைச் செயலி

கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். இந்திரலிங்கம் முதல் ஈசானியலிங்கம் ஈறாக எட்டுத் திசைக்கும் எட்டு இலிங்கங்கள் அப்பாதையில் உள்ளன. நடப்பவர் ஒவ்வொன்றையும் அணுகும்போது அதற்குரிய உரை ஒலிக்க வேண்டும். இவ்வுரை ஓரிரு நொடி தாழ்ந்து தொடங்கினும் குறையில்லை. ஆயின் முழுநிலா இரவில் மக்கள் திரள் ஒரே பாதையில் நெருங்கும்போது வலைத்தொடர்பை நம்புதல் கூடாது. ஆகவே ஒலி முழுவதும் கைப்பேசியிலேயே முன்னரே இறங்கியிருக்க வேண்டும். இடங்காட்டும் செயற்கைக்கோள் குறிப்பிற்கு வலைத்தொடர்பு வேண்டுவதில்லையாதலின் அவ்வகையில் இடர் இல்லை.

ஓரிலிங்கத்திற்கு ஐந்து நிமிட உரை எனக் கொண்டால் மொத்தம் 40 நிமிடமாகும். ஓபஸ் என்னும் ஒலிச்சுருக்க முறை 2012-இல் இணையப் பொறியியலாளர் அவையால் தரப்படுத்தப்பெற்றது. அதனைப் பயன்படுத்த உரிமத்தொகை இல்லை. அம்முறையில் நொடிக்கு 32 கிலோபிட் அளவிற் பேச்சொலி தெளிவாகவே கேட்கும். அவ்வளவில் 40 நிமிட உரை பத்து மெகாபைட்டுக்குள் அடங்கும். எளிய கைப்பேசிக்கும் இது சுமையாகாது. கேட்பிக்கும் பணிக்கு ஆண்ட்ராய்டில் மீடியா3 என்னும் தொகுதியும் ஆப்பிளில் ஏவி ஃபவுண்டேஷன் தொகுதியும் போதும். திரை அணைந்த பின்னும் ஒலி தொடர்தல், அழைப்பு வரின் நின்று மீளத் தொடங்குதல் ஆகியவற்றை அவையே கவனித்துக்கொள்ளும். ஃபிளட்டர், ரியாக்ட் நேட்டிவ் போன்ற, ஒருமுறை எழுதி இருதளத்தும் இயக்கும் கருவிகளும் இப்பணிக்கு ஏற்றனவே. இங்கு நுண்கருவி தேடுதல், கொசுவிற்குக் கோடரி ஓங்குதலை ஒக்கும்.

இரண்டாவது: பதிகம் கேட்பிக்கும் செயலி

இப்பணியில் விரைவினும் நுண்மையே தலைமையானது. ஓதுவார் பாடலின் கமகமும் அசைவும் சிதையாமற் கேட்க வேண்டுமாதலின் சுருக்க அளவு உயர வேண்டும். பாடலடியும் ஒலியும் ஒருங்கு செல்ல வேண்டும். ஒவ்வோரடியும் தொடங்கும் காலத்தை எளிய உரைக்கோப்பில் ஒருங்குறி எழுத்தாற் குறித்துவைத்தால், எந்நிரலும் அதனைப் படித்துக்கொள்ளும். தமிழெழுத்திற்கு முன்னர்ப் பல குறியேற்றங்கள் வழங்கின; ஒன்றில் எழுதியது மற்றொன்றிற் புரியாது மயங்கிய காலத்தை முதிய ஆய்வாளர் மறந்திலர். 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றபின் அம்மயக்கம் குறைந்தது.

இப்பணியில் மற்றொரு இடர், செயற்கை ஒலியை ஆக்கும்போது தோன்றும். பண்ணின் சுரநிலைகளை மாணவர்க்குக் காட்டச் செயலியே சுரத்தை ஒலிக்க வேண்டுமாயின், பலரும் மிடி என்னும் முறையை நாடுவர். 1983-இல் வெளிவந்த அம்முறை, மேனாட்டு விசைப்பலகையை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டது. ஒரு தானத்தைப் பன்னிரு சமகூறாக்கி, விசைக்கு ஓர் எண் வழங்குவது. சுரத்தை வளைக்க அதில் வழி உண்டெனினும், அவ்வளைவு ஒரு தடத்தின் சுரங்கள் அனைத்தையும் ஒருங்கே வளைக்கும்; 2020-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பே தனிச்சுரத்திற்குத் தனி அளவு குறிக்க இடந்தந்தது. ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்திலும், விபுலாநந்த அடிகள் 1947-இல் வெளியிட்ட யாழ் நூலிலும் அலகும் சுருதியும் பற்றி எத்துணை ஆழ்ந்து ஆராய்ந்தனர் என்பதை அறிந்தோர், கருவியின் இயல்பான அமைப்பை ஆராயாது ஏற்கமாட்டார். சிசவுண்ட், பியூர் டேட்டா என்னும் இரண்டும் சுரத்தை விசையெண்ணாற் குறிக்க வேண்டும் என்னும் கட்டாயம் இன்றி, அதிர்வெண்ணாகவே கொள்வன. முன்னது 1986-இலும் பின்னது 1996-இலும் தோன்றி இன்றும் வழங்குகின்றன. இரண்டையும் கைப்பேசிச் செயலியுட் பொதிய வழி உண்டு. நட்டபாடையின் ஒரு சுரம் எந்நிலையில் நிற்க வேண்டும் என்பதை அறிஞர் தீர்மானிக்கலாம். கருவி தீர்மானிக்க வேண்டுவதில்லை.

மூன்றாவது: சந்தப் பயிற்சிச் செயலி

மாணவர் திரையைத் தட்டினால் தாளம் ஒலிக்க வேண்டும். அவர் பாடினால் செயலி கேட்டுச் சந்தம் தவறியவிடத்தைக் காட்ட வேண்டும். இங்குக் காலத்தாழ்வே முதன்மையான வினாவாகும். காற்றில் ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 345 மீட்டர் செல்லும். அண்ணாமலையார் கோயிலின் கீழை இராசகோபுரம் 217 அடி, அதாவது ஏறக்குறைய 66 மீட்டர் உயரம். அதன் உச்சியில் ஒருவர் கைத்தாளம் தட்ட, அடியில் நிற்பவர் அதனைக் கேட்கப் பத்தொன்பது நூற்றுக்கூறு நொடி, அஃதாவது 190 மில்லிநொடி அளவு செல்லும். அத்தாளத்திற்கு ஒத்துப் பாடுதல் இயலாது என்பது வெளிப்படை. புளூடூத் காதொலிப்பான்கள் பலவற்றின் தாழ்வு இவ்வளவினதே. ஆண்ட்ராய்டின் தொடக்ககாலக் கைப்பேசிகளில் காதொலிப்பான் இன்றியும் நூறு மில்லிநொடிக்கு மேற்பட்ட தாழ்வு காணப்பட்டது.

இத்தாழ்வின் காரணம் யாது? ஒலி, எண்களின் ஓட்டமாகக் கைப்பேசியினுட் செல்கின்றது. நொடிக்கு 48,000 எண்கள். அவற்றைச் சிறுசிறு தொகுதியாகத் தேக்கி வைத்தே கருவி வெளியிடும். தேக்கம் 480 எண்ணாயின் தாழ்வு பத்து மில்லிநொடி. அவ்வாறு பல தேக்கங்கள் அடுத்தடுத்து நின்றால் தாழ்வு கூடும். தேக்கத்தைக் குறைத்தாலோ, அடுத்த தொகுதி உரிய காலத்தில் நிரம்பாதபோது ஒலி இடையறும். ஆகவே ஒலித்தொகுதியை நிரப்பும் நிரற்பகுதி எதற்கும் காத்திராது ஓட வேண்டும். அதனுட் கோப்பைத் திறத்தலும், நினைவகம் கேட்டலும் ஆகா. ஜாவா, கோட்லின் மொழிகளில் நினைவகத்தைத் தானே தூய்மை செய்யும் ஏற்பாடு இடையிற் புகுந்து ஓட்டத்தை நிறுத்தக்கூடும். எனவே இப்பகுதியை மட்டும் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதுதல் வழக்கமாயிற்று.

ஆப்பிளின் கோர் ஆடியோ அமைப்பு இவ்வகையில் தொடக்கத்திலேயே முந்தியிருந்தது; இசைச்செயலிகள் முதலில் அத்தளத்திற் செழித்தமைக்கு அது பெருங்காரணம். ஆண்ட்ராய்டு 2010-இல் ஓப்பன் எஸ்எல் என்னும் வாயிலையும், 2017-இல் ஏ ஆடியோ என்னும் வாயிலையும் திறந்தது. இரண்டில் அக்கைப்பேசிக்கு ஏற்றதைத் தானே தேர்ந்துகொள்ளும் ஓபோ என்னும் திறந்த நிரல்தொகுதியைக் கூகுள் 2018-இல் வெளியிட்டது. ஓபோ என்பது நாகசுரம்போல் சீவாளி பொருத்தி ஊதப்பெறும் மேனாட்டுக் குழற்கருவியின் பெயர். தொழில்முறை ஒலிக்குத் தக்கதென ஒரு ஆண்ட்ராய்டுக் கைப்பேசி அறிவித்துக்கொள்ள வேண்டுமாயின், ஒலி உட்சென்று வெளிவரும் மொத்தத் தாழ்வு குறித்ததொரு சிறு வரம்பிற்குள் அமைய வேண்டும் என்பது வரையறை. எல்லாக் கைப்பேசியும் அவ்வறிவிப்பைப் பெற்றனவல்ல. ஆகவே பயிற்சிச்செயலி முதலில் அக்கைப்பேசியின் தாழ்வை அளந்து, மாணவர் பாட்டைக் கணிக்கும்போது அவ்வளவைக் கழித்தல் நேர்மையாகும். இன்றேல் கருவியின் குற்றம் மாணவர்மேல் ஏறும். சந்தம் வல்ல சிறுவனும் தனக்குத் தாளம் வாராதென்று மனம் தளர்வான்.

மறைந்த கருவிகள்

இதுகாறும் கூறியவை பணிக்கேற்ற கருவியைத் தேரும் முறை. இனி, தேர்ந்த கருவி நிலைக்குமா என்பதைக் காண வேண்டும். கல்வெட்டு ஆயிரம் ஆண்டு நிற்கின்றது; பனையோலை சில நூற்றாண்டு நிற்கின்றது; செயலி பத்தாண்டு நிற்பதே அரிது. 1995-இல் தோன்றி இணையத்திற் பெருவழக்கெய்திய ரியல் ஆடியோ வடிவம் இன்று வழக்கொழிந்தது. ஃபிளாஷ் என்னும் கருவியில் ஆக்கப்பெற்ற ஒலிப்பாடங்கள் 2020-ஆம் ஆண்டிறுதியில் அதன் ஆதரவு நின்றதும் வாய்மூடின. ஆப்பிள் 2017-இல் 32 பிட் செயலிகளைக் கைவிட்டது; புதுப்பிக்க ஆளில்லாத செயலிகள் அன்றே அழிந்தன. கூகுள் 2019-இல் 64 பிட் நிரலைக் கட்டாயமாக்கியது. இருதளத்தும் இயங்கும் செயலிகளுக்கெனப் பலர் நம்பியிருந்த சாமரின் என்னும் கருவிக்கு 2024-இல் ஆதரவு முடிந்தது.

இவற்றுள் எக்கருவியும் தீயதன்று. தத்தம் காலத்திற் பயன்பட்டவையே. குற்றம், பதிவைச் செயலியினுள் மட்டும் அடைத்துவைத்ததில் உள்ளது. தில்லையின் பூட்டிய அறையும் மூலநிரல் காணாது போன செயலியும் தம்முள் வேறல்ல. முன்னதைத் திறக்க வேந்தன் ஆணை உதவியது. பின்னதைத் திறக்க அவ்வாணையும் உதவாது.

ஆகவே பதிவு வேறு, செயலி வேறு என்னும் பாகுபாட்டை ஆக்குவோர் முதற்கண் கொள்ளுதல் வேண்டும். பதிவைச் சுருக்காத வேவ் வடிவில், நொடிக்கு 48,000 கூறும் கூறுக்கு 24 பிட்டும் குறையாது பதிந்துவைக்குமாறு உலக ஒலி ஒளி ஆவணக்காப்பாளர் கழகத்தின் நெறிமுறை பரிந்துரைக்கின்றது. ஒருதட ஒலியாயின் அவ்வளவில் ஒருமணிப் பதிவு ஏறத்தாழ 520 மெகாபைட் ஆகும். இன்றைய சேமிப்புக் கருவிகளுக்கு இது பெரிதன்று. இடஞ்சுருங்க வேண்டுமாயின், ஒலி சிறிதும் குறையாது சுருக்கும் ஃபிளாக் வடிவம் உண்டு. கேட்பிக்கும் செயலிக்கு இதனின்று ஓபஸ், எம்பி3 முதலிய வடிவங்களை எத்துணைமுறை வேண்டினும் ஆக்கிக்கொள்ளலாம். சுருக்கியதிலிருந்து மூலத்தை மீளப் பெறுதலோ ஒருபோதும் இயலாது.

பதிவோடு செய்தியும் சேர வேண்டும். பாடல், பண், தாளம், ஆதார சுருதி, பாடியவர் பெயர், அவர் பயின்ற பாடசாலை, பதிந்த இடம், நாள் ஆகியன உரைக்கோப்பில் உடன் வைக்கப்பெறுதல் இன்றியமையாதது. ஏட்டுப் பதிப்பில் பாடவேறுபாடு காட்டுதல் போலவே, ஒரே பதிகத்தை இரு மரபினர் இருவகையாகப் பாடின் இரண்டையும் வைத்தல் வேண்டும். ஒன்றைச் செம்மையென்று கொண்டு மற்றதை விலக்குதல் பதிப்பறமன்று. பாடினாரிடத்து எழுத்துமூலம் இசைவு பெறுதலும் அறம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் பின்னைத் திருத்தங்கள் பாடுவார்க்கும் உரிமை வழங்கியுள்ளன. இராசராசன் பிடாரர்க்கு நெல்லளந்ததை எண்ணினால், ஓதுவார் குரலைக் கூலியின்றிக் கொள்ளுதல் நாணத்தக்கது என்பது விளங்கும்.

முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. வழித்துணைக்கும் பதிகம் கேட்பித்தற்கும் தளத்தோடு வரும் எளிய கருவிகளே போதும். அவற்றில் வலைத்தொடர்பின்றி இயங்குதலும் எழுத்தும் ஒலியும் இணைதலுமே நோக்கத்தக்கன. பண்ணைச் செயற்கையாக ஒலிப்பிக்குமிடத்து, சமகூறு பன்னிரண்டைத் திணிக்காத கருவி வேண்டும். சந்தப் பயிற்சிக்குத் தாழ்வு குறைந்த நுண்கருவி வேண்டும். இம்மூன்றற்கும் பொதுவாக, மூலப்பதிவு எக்கருவியையும் சாராது தனித்து நிற்க வேண்டும்.

இவற்றுள் இறுதியதே தலையாயது என யாம் கருதுகின்றோம். முன்னவை பிழைப்பின் அடுத்த பதிப்பிற் திருத்தலாம். இறுதியது பிழைப்பின் திருத்த வழியில்லை. அருணகிரிநாதரின் இசையைக் காக்க அவர் காலத்தார்க்குக் கருவி இல்லை. ஆகவே அவர்மேற் குறை கூறுவார் இலர். இன்று கருவி நம் கையில் உள்ளது. முதிய ஓதுவார் பலர் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்தம் பண்முறையைச் செயலியோடு பிறந்து செயலியோடு மடியும் ஒலியாக வைப்பதும், பின்வரும் தலைமுறை தான் விரும்பும் கலத்தில் ஏற்றிக்கொள்ளத்தக்க பதிவாக வைப்பதும் நம் தேர்வேயாம். இத்தேர்வைச் செய்தற்கு நிரல் கற்றோர் அறிவு ஒருபாலும், பண்ணும் பாட்டும் கற்றோர் அறிவு ஒருபாலும் தனித்து நின்று பயனில்லை. தமிழ்த்துறையினர் ஒலிப்பதிவிற்குரிய தரத்தையும் உடன்செல்லும் செய்திகளையும் தாமே வரையறுத்துத் தந்து, அதன்பின் கருவி தேருமாறு நிரலாளரைப் பணித்தல் தக்கது. அறிஞர் இதனை மேலும் ஆராய்வாராக.